அருவி முதல் மடை வரை... ஒரே தண்ணீர், ஆறு ஆபீஸ்!

ஜூன் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைந்துவிட்டால் தென்காசியின் முகமே மாறிவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழும். பஸ் ஸ்டாண்டில், துண்டைத் தோளில் போட்டபடி வெளியூர்க்காரர்கள் குற்றாலம் பஸ்ஸைத் தேடி ஓடுவார்கள். ஐந்து கிலோமீட்டர்தான். திங்கட்கிழமை என்றால் அதே பஸ் ஸ்டாண்டில் இன்னொரு கூட்டமும் இறங்கும். மஞ்சள் பையில் மனு, சிட்டா நகல், ஆதார் ஜெராக்ஸ். கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வரும் உள்ளூர்க்காரர்கள் இவர்கள். பாதிப் பேராவது விவசாயிகளாக இருப்பார்கள்.

இரண்டு கூட்டமும் தேடி வருவது ஒரே தண்ணீரைத்தான். ஒரு கூட்டம் தலையை நனைக்க வருகிறது. இன்னொன்று வயலை நனைக்க வழி கேட்டு வருகிறது. முதல் கூட்டத்துக்கு அருவி எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டாவது கூட்டத்துக்குத் தங்கள் மனு எந்த ஆபீஸில் இருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது.

அது அவர்கள் தவறும் இல்லை. குற்றாலத்து மலையில் விழும் மழை ஒரு நெல் வயலுக்கு வந்து சேர்வதற்குள் ஆறு அரசு அலுவலகங்களின் எல்லையைத் தாண்டி வருகிறது. தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது. ஆபீஸுக்கு எல்லைக்கல் மட்டும்தான் தெரியும். மேலிருந்து கீழே, தண்ணீரோடு சேர்ந்தே இறங்கி வந்தால் கிராமத்து நிர்வாகம் எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

மலை உச்சி வனத்துறைக்கு. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காட்டுக்குள் இருப்பவை. அனுமதி இல்லாமல் போக முடியாது. அங்கே மரத்தை வெட்டினாலும், ஓடையைத் திருப்பினாலும் கேட்கவேண்டியவர் வனச்சரக அலுவலர். ஆனால், அதே தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து எழும்பி, பேரருவியாகக் குற்றாலநாதர் கோயில் பக்கம் கொட்டியதும் ஆட்சி மாறிவிடுகிறது. குற்றாலம் ஒரு பேரூராட்சி. விளக்கு, கழிவறை, குப்பை, வாகன நிறுத்தம் எல்லாம் பேரூராட்சி செயல் அலுவலர் பொறுப்பு. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும், வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டு ஆட்களை விரட்டுவதும் போலீஸ். இந்தத் தண்ணீரில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது அருவியின் அழகுக்காக மட்டும் இல்லை. குளித்து முடித்த தண்ணீர் அடுத்த சில கிலோமீட்டரில் நாற்றங்காலுக்குப் போகிறது.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் பழைய குற்றாலம். ஒரே மலை, ஒரே மழை. ஆனால், அது ஆயிரப்பேரி ஊராட்சி எல்லை. பேரூராட்சி கிடையாது, கிராம ஊராட்சி. 2024 மே 17-ம் தேதி மதியம், அடிவாரத்தில் பெரிய மழை இல்லாத நேரத்தில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அதற்குப் பிறகுதான், 'இந்த அருவிக்கு யார் பொறுப்பு? ஊராட்சியா, வனத்துறையா, நீர்வளத்துறையா?' என்ற கேள்வி ஊர் முழுக்கச் சூடானது. பல வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. உயிர் போன பிறகு கேட்கப்பட்டது. அருவிக்கு வரும் வண்டிகளுக்கான கட்டணம் ஓர் ஊராட்சிக்கு நல்ல வருமானம். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் அந்தக் காசில் நடக்கின்றன. எனவே, 'வனத்துறை எடுத்துக்கொள்ளட்டும்' என்று ஊர்க்காரர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மேலே வெள்ளம் வருவதை முதலில் அறியக்கூடியது காட்டுக்குள் இருக்கும் துறைதான் என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் வழக்கு இது.

அருவிக்கு அருகில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தனியார் விடுதிகள் சில, இயற்கையான ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிக் காசு பார்த்தன. 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இப்படி ஓடை திரும்பினால் கீழே ஒரு மடைக்குத் தண்ணீர் குறையும். ஆனால், குறைந்தது விடுதியால்தான் என்று மடையில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. அவர் மழை மேல் பழி போட்டுவிட்டுப் போயிருப்பார்.

அருவியை விட்டு இறங்கிய தண்ணீருக்குச் சிற்றாறு என்று பெயர். ஐந்தருவி ஆறு, அரிகர நதி, அழுதகண்ணியாறு, அனுமன் நதி, கருப்பாநதி என்று வழியில் ஒவ்வொன்றாக வந்து சேர, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. மாவட்டத்தின் மற்ற ஆறுகளில் அணைகள் உண்டு. கடனாநதி 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36 அடி, மேக்கரை அடவிநயினார் 132 அடி. சாரல் காலத்தில் இந்த எண்கள் தினமும் பேப்பரில் வரும். டீக்கடையில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பேசுவார்கள். சிற்றாற்றுக்கு மட்டும் தேக்கி வைக்கப் பெரிய அணை கிடையாது. குறுக்கே 17 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். கால்வாய் நிரப்பும் குளங்கள். ஆறும் அணைக்கட்டும் கால்வாயும் நீர்வளத்துறைக்கு. தென்காசியில் இருக்கும் சிற்றாறு வடிநிலக் கோட்ட அலுவலகம்தான் அவற்றுக்கு வீடு. 2021-ல் பொதுப்பணித்துறையிலிருந்து நீர்வளத்துறை தனியாகப் பிரிந்துவிட்டது. என்றாலும் ஊரில் இன்னமும் 'பி.டபிள்யூ.டி.' என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னாலும் போகவேண்டிய ஆபீஸ் ஒன்றுதான், குழப்பமில்லை.

குழப்பம் குளத்தில்தான் ஆரம்பம்.

கீழப்பாவூர் வட்டாரத்தில் ஒரு சின்னக் குளம் என்று வைத்துக்கொள்வோம். மடை உளுத்துவிட்டது. பிசானத்துக்குத் தண்ணீர் நிற்காது. அந்தப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் முதலில் போவது வி.ஏ.ஓ.விடம். 'மடை ரிப்பேர் எங்க வேலையில்ல, பஞ்சாயத்துல கேளுங்க' என்பார் அவர். ஊராட்சிச் செயலர், 'இது யூனியன் கொளம்லா அண்ணாச்சி, பி.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க' என்பார். யூனியனில் இருக்கும் ஓவர்சியர் ஃபைலைப் புரட்டிவிட்டு, 'பி.டபிள்யூ.டி. கொளமால்லா இருக்கும் போலிருக்கு' என்பார். நான்காவது ஆபீஸுக்குப் போவதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் எல்லைக்கல்லைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு விடை ஓர் எண்ணில் இருக்கிறது. 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர். அதற்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் நீர்வளத்துறையுடையது. அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியக் குளம். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கணக்கில் எடுப்பது குளத்தின் பரப்பை இல்லை. குளம் பாயும் வயலின் பரப்பை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் குளம் சிறிய ஆயக்கட்டோடு யூனியன் கையில் இருக்கும். வி.ஏ.ஓ.விடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் குளத்தின் சர்வே எண்ணும் பரப்பும் இருக்கும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு யூனியனிலோ, நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடமோ கேட்டால், யார் பராமரிப்பில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். மனுவின் முதல் வரியிலேயே சர்வே எண் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். 'எங்கள் ஊர்க் குளம்' என்று மட்டும் எழுதிய மனு எந்த ஆபீஸுக்கும் சொந்தமில்லாமல் சுற்றும்.

ஏன் இப்படி இரண்டாகப் பிரித்தார்கள்? காமராஜர் காலத்தில், 1958-ம் வருட ஊராட்சிகள் சட்டப்படி யூனியன்கள் உருவாகி, 1960 அக்டோபர் 2 முதல் படிப்படியாகச் செயல்பட ஆரம்பித்தன. ஊர்ப் பள்ளிக்கூடம், ஊர்ச் சாலை, சின்னக் குளம் ஆகியவற்றை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அப்போதைய எண்ணம். இன்றைக்கும் கிராமத்துப் பள்ளிச் சுவரில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்று எழுதியிருப்பது அந்தக் காலத்து மிச்சம். சின்னக் குளங்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. பராமரிக்கப் பொறியாளரும் பணமும் போதுமான அளவு வந்து சேரவில்லை என்பதை எந்த யூனியன் குளத்துக் கரையில் நின்று பார்த்தாலும் தெரியும். உடைமரம்தான் கரையைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

இதோடு வருவாய்த் துறை தனிப் பாதை. வி.ஏ.ஓ., அவருக்கு மேல் ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ., கலெக்டர். இது ஆவணத்தின் பாதை. பட்டா, சிட்டா, அடங்கல், ஆக்கிரமிப்பு அளவீடு, பயிர்ச் சேதக் கணக்கு எல்லாம் இங்கே. ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சி என்பது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பாதை. ரோடு, குடிநீர், விளக்கு, வடிகால், சுடுகாடு இங்கே. வி.ஏ.ஓ. ஊராட்சித் தலைவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்று நினைப்பவர்கள் இன்னமும் உண்டு. கிடையாது. 1980-ல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்த பிறகு வந்தவர்தான் வி.ஏ.ஓ.; அவர் அரசு ஊழியர். அவரது வருவாய்க் கிராமமும், தலைவரின் ஊராட்சியும் ஒரே எல்லை உடையவையாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

குளத்து வண்டல் மண் விஷயத்தில் மட்டும் பாதை கொஞ்சம் நேராகியிருக்கிறது. முன்பு அதற்கு மாவட்டத் தலைநகர்வரை போகவேண்டும். 2024-ல் வந்த மாற்றத்தால் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கனமீட்டர். மண்ணுக்குக் காசு இல்லை. இ-சேவை மூலம் விண்ணப்பிக்க வேண்டும். குளம் யூனியனுடையதா, நீர்வளத்துறையுடையதா என்ற கேள்வி இங்கேயும் வரும். ஆனால், அதைக் கேட்டு அலைவது ஆபீஸுக்குள் நடக்கும் வேலை. விவசாயி நிற்பது ஒரு கவுண்டரில்தான். மற்ற காரியங்களும் இப்படி ஆனால் மஞ்சள் பைகள் குறையும்.

தென்காசிக்கென்று ஒரு கலெக்டர் வந்ததே அண்மையில்தான். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து, தமிழ்நாட்டின் 33-வது மாவட்டமாகத் தென்காசி தொடங்கியது. அதற்கு முன் செங்கோட்டைக்காரரும் சிவகிரிக்காரரும் ஒரு கையெழுத்துக்குத் திருநெல்வேலி போய், ஒரு நாள் கூலியும் ஒரு நாள் வேலையும் இழந்து திரும்புவார்கள். அதிகாரி லீவு என்றால் மறுபடியும் ஒரு நாள். இப்போது எட்டு தாலுகா, பத்து யூனியன், 221 ஊராட்சிகள் கொண்ட மாவட்டத்தின் தலைநகர் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால், அந்த நன்மைக்கு இந்த வட்டாரம் ஒரு விலை கொடுத்தது. வெளியூர்க்காரர்கள் அதிகம் பேசாத விலை. 2016 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, தனி அலுவலர்கள் வந்தார்கள். மூன்று வருஷம் இழுத்து, 2019 டிசம்பரில் ஒருவழியாகக் கிராமப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் முதலில் வார்டு எல்லைகளை முறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒன்பது மாவட்டங்களில் தென்காசியும் ஒன்று. இங்கே ஓட்டுப் போட்டது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஆக, முழுதாக ஐந்து வருஷம் இந்த 221 ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லை. ஒரு முழுப் பதவிக்காலமே காணாமல் போனது.

அந்த ஐந்து வருஷத்தில் ஊராட்சிக்குத் தனி அலுவலராக இருந்தவர் யூனியன் ஆபீஸில் இருக்கும் பி.டி.ஓ. ஒரு யூனியனுக்குச் சராசரியாக 22 ஊராட்சி. நல்ல அதிகாரியாகவே இருந்தாலும், 22 ஊரில் எந்த ஊரில் இரவு மோட்டார் எரிந்தது, எந்தத் தெருவில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? வார்டு உறுப்பினர் என்றால் விடியற்காலையில் வீட்டுக் கதவைத் தட்டலாம், திட்டவும் செய்யலாம். பி.டி.ஓ.வை அப்படித் தட்ட முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை என்பதால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. வாய்க்கால் பாலத்துக்கும் சிமென்ட் சாலைக்கும் வரவேண்டிய பணம் அது.

இப்போதுள்ள தலைவர்களில் பாதிக்குப் பாதி பெண்கள். சட்டப்படி 50 சதவீத இடஒதுக்கீடு. சில ஊர்களில் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்பது ஊரறிந்த ரகசியம். வேறு சில ஊர்களில் தலைவியே மேல்நிலைத் தொட்டியில் ஏறிக் குளோரின் போட்டதா என்று பார்ப்பார். ஊராட்சிப் பணம் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் வெளியே போகும். இருவருக்கும் ஆகாது என்றால் ஊர் விளக்கு எரியாது. மறுபுறம், தலைவரைப் பதவிநீக்கும் அதிகாரம் கலெக்டரிடம் இருக்கிறது. ஓட்டுப் போட்டவர்கள் உட்கார வைத்தவரை ஓட்டே கேட்காதவர் எழுப்பிவிடலாம் என்பது கொஞ்சம் உறுத்தலான ஏற்பாடுதான்.

மாவட்ட ஊராட்சி என்று ஒன்று மேலே இருக்கிறது. தென்காசியில் 14 வார்டு. ஆலோசனை, திட்டக்குழு என்று அதன் வேலை பெரும்பாலும் காகிதத்தோடு நிற்பதால், அதைத் தாண்டிப் போய்விடலாம்.

கிராம சபையைத் தாண்டிப் போகக் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் குளத்தைப் பற்றிப் பேச ஏற்ற நாள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கும்போது பெரும்பாலும் மைக் சரியாக வேலை செய்யாது! ஆனாலும், யூனியன் குளத்து மடையைச் சரிசெய்ய வேண்டும் என்று அங்கே தீர்மானம் எழுதி, அதன் நகலை இணைத்து பி.டி.ஓ.விடம் கொடுக்கும் மனுவுக்கும், தனி ஆள் வெள்ளைத்தாளில் எழுதிய மனுவுக்கும் கனம் வேறு. தீர்மானப் புத்தகத்தில் எழுதியபிறகே கையெழுத்துப் போடவேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது பழைய பழக்கம்; அதற்கு இடம் கொடுத்தால் குளம் வேண்டும் என்று கேட்ட ஊருக்குப் பேவர் பிளாக் கல் வரும்.

இந்தக் கிராம சபை எல்லா விவசாயிக்கும் கிடையாது என்பதுதான் தென்காசி மாவட்டத்தின் பெரிய விசித்திரம். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் போட்டோ எடுக்கக் கார் கட்டி வருகிறார்கள். கண்ணுக்கு எட்டியவரை வயல். ஆனால், அரசுக் கணக்கில் அது நகர்ப்புறம்; ஏனென்றால் பேரூராட்சி. இலஞ்சி, மேலகரம், ஆய்க்குடி, பண்பொழி, சாம்பவர் வடகரை, கீழப்பாவூர் எல்லாமே அப்படித்தான். சுற்றிலும் நெல்லும் தென்னையும் இருந்தாலும் கிராம சபை இல்லை. நூறு நாள் வேலை என்று ஊர் சொல்லும் திட்டமும் கிராம ஊராட்சிகளுக்காக வந்ததுதான். வரப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் கூலிக்காரருக்கு வேலை அட்டை உண்டு. அந்தப் பக்கம் இருப்பவருக்கு இல்லை. பேரூராட்சி விவசாயி குளம், கால்வாய் பற்றிப் பேசவேண்டும் என்றால் நேராக நீர்வளத்துறைக்கோ கலெக்டரின் விவசாயிகள் கூட்டத்துக்கோதான் போகவேண்டும்.

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி மேலே ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆரியங்காவு. கேரளம், கொல்லம் மாவட்டம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஊராட்சி என்றால் வேறு பொருள். அங்கே மாநிலம் முழுக்க 941 கிராம ஊராட்சிகள்தான். தமிழ்நாட்டில் சுமார் 12,500. அங்கே ஓர் ஊராட்சி என்பது இங்கே பத்து ஊராட்சி சேர்ந்த அளவு. ஊராட்சிக்கு ஒரு கிருஷி பவன். வேளாண்மை அலுவலர் ஊராட்சியோடு சேர்ந்து வேலை செய்வார். கால்நடை மருத்துவமனையும் ஊராட்சி பொறுப்பில். 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகள் கையில் கொடுக்க முடிவெடுத்தார்கள். இங்கே வேளாண்மைத் துறைக்கும் ஊராட்சிக்கும் ஒட்டு உறவு கிடையாது. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் ஒரு கட்டடத்தில், பி.டி.ஓ. ஒரு கட்டடத்தில். விதை ஓரிடத்தில், வாய்க்கால் ஓரிடத்தில். அந்தப் பக்கத்து ஏற்பாடு எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. பெரிய ஊராட்சியில் கடைசித் தெருக்காரர் தலைவரைப் பார்ப்பது கஷ்டம். இங்கே ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக 3,000 பேர்தான். நடந்தே கிராம சபைக்குப் போகலாம். கையெட்டும் தூரத்தில் இருக்கும் அந்தச் சபையின் கையில்தான் காசு குறைவு.

துறைகள் ஒரே மேசைக்கு வந்தே ஆகவேண்டிய விஷயம் ஒன்று அடிவாரத்தில் இருக்கிறது: காட்டுப்பன்றி. மேக்கரை, வடகரை, கடையம் பக்கம் யானையும் பன்றியும் இறங்குவது வாடிக்கை. 2025 ஜனவரியில் அரசு போட்ட ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். அதை முடிவு செய்யும் கிராமக் குழுவில் வனவர், வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர் மூவரும் இருக்கவேண்டும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால், தென்காசியின் அடிவார வயல்கள் பலவும் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே நெல்லும் வாழையும் கிழங்கும் வைத்தவருக்கு மிஞ்சுவது இழப்பீட்டு மனு மட்டும்தான். அதற்கும் சேதமான அன்றே போட்டோ, வி.ஏ.ஓ. அடங்கல், வனத்துறைக்குத் தகவல் மூன்றும் கையில் இருக்கவேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால், 'பன்றி தின்றதா, மாடு தின்றதா?' என்ற கேள்வி வரும்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கலெக்டர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மதிப்பு இதனால்தான். திங்கட்கிழமை கொடுக்கும் மனு ஒரு துறைக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள். 'அது எங்களுது இல்லை' என்று ஒருவர் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அறையாலும் முடியாதவை உண்டு. ராமநதி–ஜம்புநதி மேல்மட்டக் கால்வாய் வனத்துறை ஒப்புதலுக்காகப் பல காலம் காத்துக் கிடந்தது. வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கத்துக்குத் தண்ணீர் தந்த செண்பகவல்லி தடுப்பணை கேரள எல்லைக்குள் உடைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதைக் கலெக்டரால் கட்ட முடியாது, இரண்டு மாநில அரசுகள் பேசவேண்டும். உளுத்த மடையையும் தூர்ந்த கால்வாயையும் அந்த வரிசையில் சேர்க்கத் தேவையில்லை. அவை இந்த அறையிலேயே தீரக்கூடியவை.

எந்த ஆபீஸ் என்று கடைசிவரை தெரியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழியைத் தகவல் உரிமைச் சட்டம் வைத்திருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு, 'இன்ன சர்வே எண்ணில் உள்ள குளத்தைப் பராமரிப்பது யார், கடைசியாக எப்போது எவ்வளவு செலவானது?' என்று ஏதோ ஓர் ஆபீஸுக்கு எழுதினால் போதும். தங்களுக்கு உரியது இல்லை என்றால் ஐந்து நாளுக்குள் உரிய ஆபீஸுக்கு அவர்களே மாற்றி அனுப்பவேண்டும். 30 நாளில் பதில் வரவேண்டும். சாதாரண மனு விவசாயியை அலைய விடுகிறது. இந்த மனு தானே அலையும்.

தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்களுக்கே ஒரு சங்கமும் சட்டத்தில் இருக்கிறது. 2000-ம் வருடச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம். தலைவரை ஆயக்கட்டு விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சங்கம் தூங்கும் இடங்களில் குளத்தைக் கவனிப்பது மீன் குத்தகைக்காரர்தான். மீன் பிடிக்கத் தண்ணீரை எப்போது இறக்குவது என்பதை அவர் தீர்மானிப்பார்; நெல் பால் பிடிக்கும் நேரமா என்பது அவருக்கு முக்கியம் இல்லை. குளத்துக்குள் ஆக்கிரமிப்பு என்றால் நீர்வளத்துறைக் குளங்களுக்கு 2007-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால், அளந்து கொடுக்கவேண்டியவர் சர்வேயர். அவர் தாலுகா ஆபீஸில் இருக்கிறார். மறுபடியும் வேறு கட்டடம்.

மே, ஜூன் மாதங்களில் அந்தத் தாலுகா ஆபீஸ்களில் ஜமாபந்தி நடக்கும். ஜூன் 30-ல் பசலி ஆண்டு முடிவதற்குள் ஊர்க் கணக்குகளை எல்லாம் சரிபார்க்கும் நாட்கள். வி.ஏ.ஓ.க்கள் தங்கள் பதிவேடுகளோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். 'அ' பதிவேட்டைத் தேடி ஊரில் அலையாமல் பார்க்க இதைவிட வசதியான நேரம் கிடையாது. வெளியே அப்போதுதான் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவ ஆரம்பித்திருப்பார்கள். மலையில் முதல் சாரல் விழுந்திருக்கும்.

தமிழ்நாட்டின் மற்ற 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, அங்கே தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். தென்காசி மாவட்டத்தில் 2021-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை காலம். அந்த மாதத்தின் 2-ம் தேதிக் கிராம சபைதான் இவர்கள் தலைமையில் நடக்கும் கடைசிச் சபை. அதற்குச் சில நாளில் பிசானத்துக்கு மடை திறக்கும் காலம் வந்துவிடும்.